நஞ்சே மருந்தான வரலாறு: நெற்றிச் சுருக்கத்திற்கு ஓர் ஊசி



அண்மையில் மாணவர் ஒருவரின் தாயார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், முகச்சுருக்கத்திற்குப் போடாக்ஸ் ஊசி போடுகிறார்களே, அது பாம்பு விஷமா? போட்டுக்கொண்டால் முகம் கோணிப் போகுமா?" கேள்வி சிறியதுதான். விடையோ இருநூறு ஆண்டுகளைக் கடந்து செல்கிறது. நான் மருத்துவர் அல்லேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆயினும் ஒரு பொருளின் வரலாற்றை அறிந்தவர் அதனைக் கண்டு வீணாக அஞ்சவும் மாட்டார். கண்மூடித்தனமாக நம்பவும் மாட்டார். அந்த எண்ணத்திலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது பாம்பு விஷம் அன்று. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு. மனிதன் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கொடியது இதுவே எனலாம்.

இறைச்சியில் ஒளிந்திருந்த எமன்

தெற்கு ஜெர்மனியில் வூர்ட்டம்பெர்க் என்றொரு நாடு இருந்தது. அங்குப் பன்றியின் இரைப்பையிலும் குடலிலும் இரத்தத்தையும் இறைச்சியையும் திணித்து, புகையிட்டு, பல நாள் வைத்து உண்பது வழக்கம். நாம் இன்று சாசேஜ் என்று அழைக்கும் உணவு வகையைச் சேர்ந்தது அது. 1793 ஆம் ஆண்டு வில்ட்பாட் என்னும் ஊரில் அவ்வுணவை உண்ட 13 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் மாண்டனர். கண்பார்வை இரட்டையாகத் தெரிந்தது, இமைகள் தாழ்ந்தன, நாக்கு வறண்டது, விழுங்க இயலவில்லை, இறுதியில் மூச்சு நின்றது. கொடுமை யாதெனில், இவ்வளவு நடந்தும் நோயாளியின் அறிவு மட்டும் தெளிவாகவே இருந்தது.

அதனைத் தொடர்ந்து வந்த நெப்போலியன் போர்கள் மக்களை வறுமையில் தள்ளின. வறுமையில் தூய்மையும் குறைந்தது. இத்தகைய மரணங்கள் பெருகின. புகையிட்ட இரத்த இறைச்சியைக் குறித்து 1802 ஆம் ஆண்டிலேயே ஸ்டுட்கார்ட் அரசு மக்களை எச்சரித்தது.

கவிஞர் கண்டறிந்த உண்மை

இந்த நோயை ஆராய முன்வந்தவர் யுஸ்டினஸ் கெர்னர் (1786-1862). அவர் மருத்துவர் மட்டுமல்லர். ஜெர்மன் இலக்கியத்தில் இடம்பெற்ற கவிஞரும் ஆவார். 1820 ஆம் ஆண்டு 76 நோயாளிகளைப் பற்றியும், 1822 ஆம் ஆண்டு 155 நோயாளிகளைப் பற்றியும் விரிவான நூல்களை எழுதினார். விலங்குகளிடம் சோதித்ததோடு நில்லாமல், கெட்டுப்போன இறைச்சியின் சாற்றைத் தம் நாவிலேயே இட்டுச் சுவைத்துப் பார்த்தார். இன்றைய மாணவர்களுக்கு நாம் ஒருபோதும் கற்பிக்கக் கூடாத செய்முறை அது!

அவர் கண்ட முடிவுகள் வியப்பூட்டுபவை. காற்றுப் புகாத இடத்திலேயே இந்நஞ்சு உருவாகிறது என்றார். துரு ஏறிய கம்பியில் மின்சாரம் தடைப்படுவதுபோல் நரம்பின் செய்தி இந்நஞ்சால் தடைப்படுகிறது என்று விளக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் கொடுத்தால், கட்டுப்பாடின்றித் துள்ளும் தசைகளையும் மிகையான வியர்வையையும் அடக்கலாம் என்று எழுதிவைத்தார். நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவ உலகம் ஏற்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட கருத்து இது. அக்குள் வியர்வைக்கு இம்மருந்தைப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் அளித்தது 2004 ஆம் ஆண்டில்தான். கவிஞரின் கற்பனைக்கு அறிவியல் வந்து சேர ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின.

இலத்தீன் மொழியில் 'போட்டுலஸ்' என்றால் சாசேஜ் என்று பொருள். அச்சொல்லிலிருந்தே 'போட்டுலிசம்' என்னும் நோயின் பெயர் பிறந்தது. அதன் வழியே 'போட்டுலினம்' என்னும் நஞ்சின் பெயரும், 'போடாக்ஸ்' என்னும் வணிகப் பெயரும் வந்தன. அழகு நிலையத்தில் உச்சரிக்கப்படும் சொல்லுக்குள் ஒரு பன்றிக்குடல் மறைந்திருப்பதைப் பலர் அறியார்!

இசைக் கலைஞர்களும் ஒரு நுண்ணுயிரும்

1895 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பெல்ஜியம் நாட்டின் எல்லசெல் என்னும் சிற்றூரில் ஓர் இறுதிச் சடங்கு. அங்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். 34 பேர் பாதிக்கப்பட்டனர், மூவர் உயிரிழந்தனர். கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியையும் மாண்டவர்களின் உடல் உறுப்புகளையும் ஆராய்ந்தார். காற்றில்லா இடத்தில் வளரும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1897 ஆம் ஆண்டு தம் ஆய்வை வெளியிட்டார். அதுவே இன்று 'கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்' என்று அழைக்கப்படுகிறது.

இவ்விடத்தில் பெற்றோருக்கு இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

முதலாவது, டின் உணவு. இந்த நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அவற்றை அழிக்க ஏறத்தாழ 121 பாகை வெப்பமும் உயர் அழுத்தமும் வேண்டும். ஆகவே, உப்பியிருக்கும் சார்டின் டின்னையோ வேறு டின் உணவையோ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். சுவைத்துப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம்.

இரண்டாவது, தேன். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் நம்மிடையே உண்டு. தேனில் இந்நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை வளர்வதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். 1976 ஆம் ஆண்டில் இது தனி நோயாக அறியப்பட்டது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. பாட்டிமார் மனம் வருந்தாதவாறு இதனை எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

போர்க்கூடத்திலிருந்து கண் மருத்துவமனைக்கு

இரண்டாம் உலகப் போரின்போது இந்நஞ்சை எதிரிகள் ஆயுதமாக்கக்கூடும் என்று அமெரிக்கா அஞ்சியது. மேரிலாந்து மாநிலத்தில் இருந்த டெட்ரிக் இராணுவ ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி நடந்தது. 1946 ஆம் ஆண்டளவில் நஞ்சு தூய படிக வடிவில் கிடைத்தது. 1949 ஆம் ஆண்டு ஆர்னால்ட் பர்கன் குழுவினர், இந்நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் தடுக்கிறது என்பதை நிறுவினர். கெர்னர் சொன்ன துருவேறிய கம்பி உண்மையாயிற்று.

அந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஷான்ட்ஸ் பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவரிடமிருந்து தூய நஞ்சைப் பெற்றவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண் உள்ளவர்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமல் உதவ முடியுமா என்பதே அவருடைய தேடல். கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும் தசையைச் சற்றுத் தளர்த்தினால் போதுமே! குரங்குகளிடம் செய்த சோதனையின் முடிவை 1973 ஆம் ஆண்டு வெளியிட்டார். மனிதர்களிடம் கண்ட பயனை 1980 ஆம் ஆண்டு அறிவித்தார். 1989 ஆம் ஆண்டு டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் இம்மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, இம்மருந்து அழகுக்காகப் பிறந்ததன்று. மாறுகண்ணால் கேலிக்கு ஆளான பிள்ளைகளை நாம் வகுப்பில் கண்டிருக்கிறோம். பெருமூளை வாதத்தால் கால் தசைகள் இறுகி, குதிகாலை ஊன்ற இயலாத பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். அத்தகைய பிள்ளைகள் சிலருக்கு இதே ஊசி இன்று துணை நிற்கிறது. உங்கள் மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்காக விடுப்புக் கேட்டால் வியப்படைய வேண்டாம்.

வான்கூவரில் ஒரு நெற்றி

அழகுச் சிகிச்சையின் தொடக்கம் கனடாவின் வான்கூவர் நகரில். 1987 ஆம் ஆண்டு. கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் இமை இழுப்புக்காக ஒரு பெண்மணி ஊசி போட்டு வந்தார். ஒருநாள் அவர், புருவத்தின் அருகில் ஏன் இம்முறை ஊசி போடவில்லை என்று கேட்டாராம். அங்கே போட்டால் தம் முகம் கவலையற்ற தோற்றம் பெறுகிறது என்பது அவர் விளக்கம். ஜீனின் கணவர் அலஸ்டேர் கருதர்ஸ் தோல் மருத்துவர். புருவ இடைச் சுருக்கத்தைப் போக்க வழி தேடிக்கொண்டிருந்தவர். மனைவி அன்று மாலை சொன்ன செய்தி அவருக்கு விடையாக அமைந்தது. இருவரும் ஆராய்ந்து, 1992 ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டனர். தொடக்கத்தில் நோயாளிகள் தயங்கினர். நஞ்சு என்றால் யார்தான் தயங்கமாட்டார்? ஜீன் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு காட்டினார்.

2002 ஆம் ஆண்டு ஏப்ரலில் புருவ இடைக் கோடுகளுக்கும், 2013 ஆம் ஆண்டு கண்ணோரக் கோடுகளுக்கும், 2017 ஆம் ஆண்டு நெற்றிக் கோடுகளுக்கும் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டு தேசிய ஃபத்வா மன்றம், மருத்துவத் தேவைக்கன்றி அழகுக்காக முஸ்லிம்கள் இதனைப் பயன்படுத்துவது கூடாது என்று முடிவு செய்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஊசி என்ன செய்கிறது?

மாணவர்க்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். தசைக்குக் கட்டளையிடுவது நரம்பு. நரம்பின் நுனியில் சிறு சிறு பைகளில் ஒரு வேதிப்பொருள் காத்திருக்கிறது. அந்தப் பைகள் வாசலுக்கு வந்து திறக்க ஒரு புரதம் தேவை. நஞ்சு நரம்பின் உள்ளே சென்று அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. பள்ளி மணி இருக்கிறது, மணியடிப்பவரும் இருக்கிறார், மணியின் நாக்கு மட்டும் இல்லை! கட்டளை கேளாத தசை ஓய்ந்து கிடக்கிறது. தசை சுருங்காததால் மேலுள்ள தோலும் மடிவதில்லை. சில மாதங்களில் நரம்பு மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். ஆகவே இதன் பயன் நிலையானதன்று. தீமை ஏதும் நேர்ந்தால் பெரும்பாலும் அதுவும் நிலையானதன்று.

அளவைக் கேட்டால் வியப்பீர்கள். 100 அலகு கொண்ட ஒரு குப்பியில், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் பங்குகளில் ஏறத்தாழ ஐந்து மட்டுமே உள்ளது. புருவ இடைக்கு வழக்கமாகப் போடுவது 20 அலகு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. அளவோடு நின்றால் நஞ்சும் மருந்தாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முதல் ஊசியில் எதை எதிர்பார்க்கலாம்?

என் பெரியப்பா மகள் பாலர் பள்ளி ஆசிரியை. வயது 52. இரு புருவங்களுக்கு இடையே இரண்டு ஆழமான கோடுகள். பிள்ளைகள் அடிக்கடி, "டீச்சர், எங்கள் மேல் கோபமா?" என்று கேட்பார்களாம். "எனக்குக் கோபமே இல்லை, தங்கச்சி. முகம்தான் பொய் சொல்கிறது" என்று அக்கா என்னிடம் வருந்தினார். ஓர் அழகு நிலையத்தில் பாதி விலைக்கு ஊசி போடுகிறார்கள் என்று துண்டறிக்கையும் கொண்டுவந்தார். தகுதி பெற்ற மருத்துவரிடம் என்றால் நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். சென்றோம். அங்குக் கண்டதையும் கேட்டதையும் வரிசைப்படுத்துகிறேன்.

1. முதலில் கேள்விகள். கருவுற்றிருக்கிறீர்களா, பாலூட்டுகிறீர்களா, தசை நரம்பு நோய் உண்டா, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்தோ ஆஸ்பிரினோ உட்கொள்கிறீர்களா, ஒவ்வாமை உண்டா என்று மருத்துவர் வினவினார். கேள்வி கேட்காமல் ஊசியை எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

2. அடுத்து, முகத்தை நெரிக்கச் சொன்னார். தசை எங்கே திரள்கிறது என்று பார்த்துப் புள்ளியிட்டார். ஐந்து இடங்களில் மிக மெல்லிய ஊசி. எறும்பு கடித்தாற்போல் இருந்தது என்றார் அக்கா. ஊசி போட்ட நேரம் பத்து நிமிடத்திற்கும் குறைவு. மயக்க மருந்து தேவைப்படவில்லை. பனிக்கட்டி ஒற்றடமே போதுமாயிற்று.

3. ஊசி போட்ட இடத்தில் கொசு கடித்ததுபோல் சிறு தடிப்பு தோன்றி அரை மணி நேரத்தில் மறைந்தது. சிலருக்குத் தலைவலியோ சிறிய நீலத் தழும்போ வரலாம்; சில நாளில் சரியாகும்.

4. அன்று முழுவதும் அவ்விடத்தைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ கூடாது. நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம், கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

5. கண்ணாடியில் உடனே மாற்றம் தெரியாது. இதுவே பலரை ஏமாற்றமடையச் செய்கிறது. இரண்டு மூன்று நாள்களில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பயன் தெரியும். ஆகவே தீபாவளிக்கு முதல் நாளோ திருமணத்திற்கு முதல் வாரமோ முதன்முறையாகப் போட்டுக்கொள்வது அறிவுடைமையன்று.

6. பயன் பொதுவாக மூன்று முதல் நான்கு மாதம். முகத்தை அசைக்காதபோதும் தெரியும் ஆழ்ந்த கோடுகள் ஓர் ஊசியில் முற்றிலும் மறையா, மென்மையாகும்.

7. நூற்றில் சிலருக்கு மருந்து அருகில் பரவி இமை தாழ்வதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். விழுங்குவதிலோ பேசுவதிலோ மூச்சுவிடுவதிலோ சிரமம் வந்தால், நாள் கடந்திருந்தாலும், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இது அரிது, ஆயினும் அறிந்திருக்க வேண்டியது. நஞ்சு பரவக்கூடும் என்னும் எச்சரிக்கையை மருந்துத் தாளில் முதன்மையாக அச்சிட வேண்டும் என 2009 ஆம் ஆண்டு அமெரிக்கா கட்டளையிட்டது.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் முகம் தெளிந்திருந்தது. பிள்ளைகள் கோபமா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் புருவத்தை நெரித்தாலே வகுப்பு அடங்கிவிடும். இப்போது நெரிக்க முயன்றாலும் புருவம் நெரிவதில்லை, வகுப்பும் அடங்குவதில்லை! குரலைத் தாழ்த்திப் பேசி அமைதிப்படுத்தக் கற்றுக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார். நான்கு மாதத்தில் கோடுகள் மெல்லத் திரும்பின. அடுத்த ஊசிக்கு அவர் இன்னும் நாள் குறிக்கவில்லை.

மலிவு விலையின் உண்மை விலை

2004 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மனிதருக்கு உரியதல்லாத ஆய்வுக்கூட நஞ்சு செலுத்தப்பட்டதால் நால்வர் உடல் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தில் உயிர் பிழைத்தனர். 2024 ஆம் ஆண்டிலும் அங்கே போலி மருந்தாலும் தகுதியற்றோர் போட்ட ஊசியாலும் பல மாநிலங்களில் மக்கள் பாதிக்கப்பட்டனர். கெர்னர் காலத்து இறைச்சி செய்ததை இன்று போலிக் குப்பி செய்கிறது. நஞ்சு மாறவில்லை, அது வந்து சேரும் வழிதான் மாறியிருக்கிறது.

மலேசியாவில் இந்த ஊசியைப் போடுபவர் பதிவு பெற்ற மருத்துவராகவும், அழகியல் மருத்துவத்திற்குச் சுகாதார அமைச்சின் தகுதிச் சான்று உடையவராகவும் இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் இது மருத்துவர் செய்ய வேண்டிய பணியே. மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவெண்ணும் ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் உள்ளனவா என்று நம் நாட்டினர் பார்க்க வேண்டும். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அலகையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் அலகும் இன்னொரு நிறுவனத்தின் அலகும் ஒன்றல்ல. இவற்றைக் கேட்பது அவமதிப்பாகாது. நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

நிறைவாக

நெஞ்சில் உள்ளதைப் பளிங்குபோல் காட்டுவது முகம் என்பது வள்ளுவர் கருத்து. முகத்தைக் கொண்டே பிழைப்பவர்கள் ஆசிரியர்கள். நம் பாராட்டையும் கண்டிப்பையும் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதற்கு முன் நம் முகத்தில் படித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வரியை அழித்துக்கொள்வதும் விட்டுவைப்பதும் அவரவர் உரிமை. ஊசி போட்டுக்கொண்டவரைப் பழிக்கவும் வேண்டாம். போட்டுக்கொள்ளாதவரை வயதானவர் என்று எள்ளவும் வேண்டாம். எம்முடிவாயினும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். தெருமுனையில் கிடைக்கும் துண்டறிக்கை அந்த அறிவைத் தராது.

ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். உங்கள் உறவில் பச்சிளங்குழந்தை இருந்தால், தேன் செய்தியை அந்த வீட்டிற்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சுருக்கம் காத்திருக்கும்; குழந்தை காத்திருக்காது.

மீண்டும் வேறொரு வரலாற்றோடு சந்திப்போம்.